பழைய தபால் பாதையில் புது வண்டி

மின்னஞ்சலைப் படிக்க உலகம் இன்னும் 1986-ம் ஆண்டின் ஏற்பாட்டையே நம்பியிருக்கிறது. 2019-ல் தயாரான ‘ஜேமேப்’ வாசலில் காத்து நிற்கிறது. மெயில் சாஃப்ட்வேர்களின் தயக்கத்துக்கு விலை கொடுப்பது பயனாளியின் பேட்டரி, டேட்டா, சில சமயம் பாஸ்வேர்ட்.

மும்பையிலிருந்து கோவா வழியாக மங்களூர் போகும் கொங்கண் ரயில் பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். ரத்னகிரிக்குப் பக்கத்தில் உள்ள கர்புடே சுரங்கம் மட்டுமே ஆறரை கிலோமீட்டர் நீளம். ரயில் உள்ளே நுழைந்ததும் செல்போன்களில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. வெளியே வந்ததும் ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு சின்ன நாடகம் தொடங்குகிறது. அறுந்துபோன தொடர்பை மெயில் சாஃப்ட்வேர் புதுப்பிக்கிறது. “நான் இன்னார்” என்கிறது. “சரி, உள்ளே வா” என்கிறது சர்வர். “உனக்கு என்னென்ன தெரியும்?” “இதெல்லாம் தெரியும்.” “இன்பாக்ஸைத் திற.” “திறந்தாயிற்று.” “புதிதாக என்ன வந்திருக்கிறது?” பதில் வந்து சேர்வதற்குள் அடுத்த சுரங்கம்.

இந்த நாடகத்தின் வசனம் செல்போன் யார் பையிலும் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. பெயர் ஐமேப். சர்வரில் கிடக்கும் கடிதங்களை வெளியே இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் எப்படிக் கேட்க வேண்டும், சர்வர் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்லும் புரோட்டோகால் – நெறிமுறை. தண்டர்பேர்ட், ஆப்பிள் மெயில் தொடங்கி கல்லூரிகள், சிறு கம்பெனிகள், வக்கீல் அலுவலகங்களில் ஓடும் பெரும்பாலான மெயில் சாஃப்ட்வேர்களின் பொது மொழி இதுதான். இதற்கு மாற்றாக இன்டர்நெட்டின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பான ஐஇடிஎஃப், 2019-ல் புதிய நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. அதுதான் ஜேமேப். வெளியிட்ட கையோடு உலகம் மாறிவிடவில்லை. கூகுள் மாறவில்லை, மைக்ரோசாஃப்ட் மாறவில்லை, ஆப்பிள் மாறவில்லை. சிறிய, சுதந்திரமான மெயில் சாஃப்ட்வேர்களாவது மாற வேண்டுமா? எஞ்சினியர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியோடுதான்.

ஜிமெயில் கணக்கை ஜிமெயில் ஆப்பிலேயே படிப்பவர்களுக்கு இந்தச் சண்டையில் நேரடிப் பங்கில்லை. கூகுளின் ஆப் கூகுளின் சர்வரோடு தனக்கே உரிய மொழியில் பேசிக்கொள்கிறது. பிரச்சினை, அந்த வீட்டை விட்டு வெளியே வர விரும்புபவர்களுக்கு. இரண்டு மூன்று கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்க நினைப்பவர்கள், அலுவலகத்தின் சொந்த டொமைனில் முகவரி வைத்திருப்பவர்கள், பத்து வருடக் கடிதங்களைத் தன் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள். எந்த சாஃப்ட்வேரிலிருந்தும் எந்த சர்வரிலுள்ள கடிதத்தையும் எடுக்கலாம் என்ற உரிமை இவர்களுக்கு இருப்பதற்கு ஒரே காரணம், எல்லோருக்கும் பொதுவான ஒரு நெறிமுறை இருப்பதுதான்.

இடைக்கால ஏற்பாடு

அந்த நெறிமுறையை 1986-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கியவர் மார்க் கிறிஸ்பின். அதன் முதல் பெயரில் இருந்த ‘ஐ’ என்ற எழுத்துக்கு ‘இன்டரிம்’ – அதாவது இடைக்கால – என்று பொருள். இடைக்காலத்துக்கென்று போட்ட கொட்டகை நிரந்தரமாகிவிடுவது இந்தியர்களுக்குப் புதிதல்ல. ஐமேப் விஷயத்தில் நடந்ததும் அதுவே. 1988-ல் கிறிஸ்பின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருபது ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார். 1994-ல் நான்காம் பதிப்பு, 2003-ல் அதற்கு ஒரு திருத்தம். 2012 டிசம்பரில் கிறிஸ்பின் காலமானபோது அவருடைய இடைக்கால ஏற்பாடு உலகின் கோடிக்கணக்கான கணக்குகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது விதேஷ் சஞ்சார் நிகாம், 1995 ஆகஸ்ட் 15 அன்று. அந்தத் தலைமுறை கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகக் கடிதம் படித்த ‘பைன்’ சாஃப்ட்வேர், கிறிஸ்பின் வேலை பார்த்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. ஆனால் ஐமேப் அப்போது இங்கே எடுபடவில்லை. காரணம் எளிது: காசு. இன்டர்நெட் மணிக்கணக்கில் விற்கப்பட்டது, போன் பில் தனி. இணைப்பைப் போட்டு, வந்த கடிதங்களை மொத்தமாக இறக்கி, அவசரமாகத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதே குடும்பஸ்தனுக்கு அழகு. அதற்குப் பொருத்தமாக இருந்தது 1984-ல் பிறந்த ‘பாப்’ என்ற இன்னொரு நெறிமுறை. யூடோரா, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வைத்திருந்தவர்களின் பழக்கம் அது.

வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, பையில் ஒன்று என்று கருவிகள் பெருகியபோதுதான் ஐமேப்பின் அருமை தெரிந்தது. கடிதம் சர்வரிலேயே இருக்கும். எங்கே படித்தாலும் ‘படித்தாயிற்று’ என்ற குறி எல்லா இடத்திலும் விழும். ஐபோன் வந்த அதே 2007-ல் ஜிமெயில் தன் சர்வரை ஐமேப்புக்குத் திறந்தது. அங்கிருந்துதான் சிக்கலும் ஆரம்பம். மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கும் அறுபடாத கம்பிக்கும் ஏற்பட்ட மொழியை, நிமிடத்துக்கொரு முறை சிக்னல் மாறும் கருவி பேச வேண்டியதாயிற்று.

மளிகைக் கடை கணக்கு

ஐமேப் வேலை செய்யும் விதத்தை மளிகைக் கடையில் நிற்பவரோடு ஒப்பிடலாம். துவரம் பருப்பு ஒரு கிலோ என்று கேட்டு, அது வந்த பிறகு உளுந்து கேட்டு, அது வந்த பிறகு கடுகு கேட்பவர். கடைக்காரர் எதிரிலேயே இருந்தால் இதில் நஷ்டமில்லை. கடை அடுத்த ஊரில் இருந்து, ஒவ்வொரு பொருளுக்கும் பையன் போய்வர வேண்டும் என்றால்? ஜேமேப் பட்டியலை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. “இன்பாக்ஸில் கடைசி முப்பது உரையாடல்களைத் தேடு, அவற்றில் உள்ள கடிதங்களைக் கண்டுபிடி, ஒவ்வொன்றிலும் அனுப்பியவர், தலைப்பு, முதல் இரண்டு வரி மட்டும் கொடு” – மூன்றும் ஒரே கோரிக்கையில் போகின்றன, ஒரே பதிலில் வருகின்றன. ஒரு கேள்வியின் விடையை அடுத்த கேள்விக்குள் சர்வரே பொருத்திக்கொள்கிறது.

ஐமேப்பிலும் ஒரு விடைக்குக் காத்திராமல் அடுத்த கேள்வியை அனுப்ப வழி உண்டு என்பதை அதன் ஆதரவாளர்கள் மறக்காமல் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் முதல் விடை தெரிந்தால்தான் இரண்டாவது கேள்வியையே எழுத முடியும் என்ற இடத்தில் அந்த வழி உதவாது. மெயில் சாஃப்ட்வேரின் வேலையில் பாதி அத்தகைய கேள்விகள்தான்.

இன்னொரு வித்தியாசம் நினைவாற்றல். ஐமேப் இணைப்பு ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் திறந்து வைத்திருக்க முடியும். புதுக் கடிதம் வந்தால் உடனே தெரிய வேண்டுமானால் அந்த இணைப்பை அறுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காக 1997-ல் சேர்க்கப்பட்ட கட்டளைக்குப் பெயர் ‘ஐடில்’ – சும்மா இரு! சும்மா இருந்தாலும் இணைப்பு செத்துவிடாமலிருக்க 29 நிமிடத்துக்கு ஒரு முறையாவது கட்டளையைப் புதுப்பிக்க வேண்டும் என்று அந்த விதியே அறிவுரை சொல்கிறது. பல நெட்வொர்க்குகள் அதற்கும் முன்பே வாடிக்கையாளரின் தொடர்பைத் தூக்கிப்போட்டுவிடுகின்றன. போன் மறுபடி எழுந்து மறுபடி கதவைத் தட்டுகிறது. பேட்டரி இறங்குகிறது. ஜேமேப்பில் இணைப்பு அறுந்ததைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. சாஃப்ட்வேரிடம் ஒரு சின்னச் சீட்டு இருக்கிறது. “நான் கடைசியாக வந்தபோது கணக்கு இந்த நிலையில் இருந்தது. அதற்குப் பிறகு மாறியது என்ன?” என்று சீட்டை நீட்டினால் போதும். சேர்ந்தது, மாறியது, அழிந்தது மூன்றும் வந்துவிடும். பழைய நெறிமுறைக்கும் இதே வசதி பிற்சேர்க்கையாக உண்டு – சர்வர் அதைச் சேர்த்திருந்தால். சேர்த்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடிதத்தை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கதை இதைவிட வேடிக்கை. தினமும் எல்லோரும் செய்யும் இந்த வேலைக்கு ஐமேப்பில் நேரடிக் கட்டளை 2013 வரை கிடையாது. அதுவரை நகல் எடு, பழையதை ‘அழிக்க வேண்டியது’ என்று குறி, பிறகு துடைத்தெறி என்று மூன்று படிகள். இரண்டாவது படியில் தொடர்பு அறுந்தால் கடிதம் இரண்டு இடத்திலும் கிடக்கும்.

கடிதம் அனுப்புவதிலோ நேரடியாகக் காசே கரைகிறது. ஐமேப்புக்குக் கடிதம் படிக்கத்தான் தெரியும், அனுப்பத் தெரியாது. அனுப்புவதற்கு 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற வேறொரு நெறிமுறை, பெரும்பாலும் வேறொரு சர்வர், வேறொரு இணைப்பு. ஆறு மெகாபைட் ஸ்கேன் ஒன்றை இணைத்து அனுப்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது அது மூன்றில் ஒரு பங்கு ஊதி எட்டு மெகாபைட் ஆகிவிடும். எஸ்எம்டிபி வழியாக எட்டு போகிறது. பிறகு ‘அனுப்பியவை’ ஃபோல்டரில் நகல் வைக்க ஐமேப் வழியாக அதே எட்டு மறுபடி போகிறது. ஆக, ஆறுக்குப் பதினாறு. ஜிமெயில் போன்ற சில சர்வர்கள் நகலைத் தாங்களே எடுத்து வைத்துக்கொள்கின்றன. பல சர்வர்கள் அப்படிச் செய்வதில்லை. ஜேமேப்பில் ஸ்கேன் ஒரே முறை, ஊதாமல், ஆறாகவே மேலேறுகிறது. கடிதத்தைக் கட்டுவது, அனுப்புவது, நகல் வைப்பது எல்லாம் சர்வரின் பாடு.

தமிழ், இந்தி, வங்காளியில் ஃபோல்டருக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஐமேப்பின் அடிப்படை விதிகளில் ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும். மற்ற மொழிகளுக்கென்று ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள்: எழுத்துகளை ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்த குவியலாக மாற்றி, முன்னால் ஓர் ‘ஆம்பர்சண்ட்’ குறி போட்டு அனுப்புவது. சாஃப்ட்வேர் அதைத் திரும்பத் தமிழாக்கிக் காட்டினால் சரி. எழுதியவர் மறந்திருந்தால் ‘வீட்டு வரி’ என்று பெயரிட்ட ஃபோல்டர் மந்திரத் தகட்டில் எழுதியதுபோல் திரையில் நிற்கும். 2021-ல் வந்த ஐமேப் திருத்தம் இந்தச் சுற்றுவழியைக் கைவிட்டு நேராக யூனிகோடுக்கு வந்தது. ஜேமேப் பிறந்ததிலிருந்தே யூனிகோடுதான்.

பாஸ்வேர்ட் யாரிடம்?

வேகம், பேட்டரி, டேட்டா எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளலாம். நான்காம் தலைமுறை நெட்வொர்க்கும் மலிவு டேட்டாவும் வந்த பிறகு ஏழெட்டுக் கேள்வி பதில் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று சொல்லவும் இடமிருக்கிறது. சகித்துக்கொள்ள முடியாத விஷயம் வேறு.

ஐபோனில் பின்னணியில் கிடக்கும் வெளி ஆப் ஒன்று இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க ஆப்பிள் அனுமதிப்பதில்லை. புதுக் கடிதம் வந்தால் மணி அடிக்க வேண்டுமே, என்ன செய்வது? ஆப் தயாரிப்பாளர்கள் கண்ட வழி: பயனாளியின் பாஸ்வேர்டையோ அதற்கு இணையான சாவியையோ தங்கள் சர்வரில் வாங்கி வைத்துக்கொள்வது. அந்த சர்வர் இரவும் பகலும் பயனாளியின் பெயரில் அவருடைய மெயில்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும். கடிதம் வந்ததும் போனுக்குத் தகவல் அனுப்பும். கடிதங்களின் நகலும் அங்கே தங்கும்.

இது கற்பனை அபாயமல்ல. 2014 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ‘அகாம்ப்ளி’ என்ற மெயில் ஆப்பை விலைக்கு வாங்கியது. அடுத்த மாதமே அதை ‘அவுட்லுக்’ என்று பெயர் மாற்றி வெளியிட்டது. அந்த ஆப் இந்த முறையில்தான் வேலை செய்தது. 2015 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கம்ப்யூட்டர் பிரிவு, உறுப்பினர்களின் அலுவலக மெயிலை அந்த ஆப் தொடாதபடி தடுத்துவிட்டது. 2023-ல் விண்டோஸுக்கு வந்த புதிய அவுட்லுக், வேறு நிறுவனங்களின் ஐமேப் கணக்குகளைக்கூட மைக்ரோசாஃப்டின் கிளவுட் வழியாகவே கொண்டுவருவதை ஜெர்மன் பத்திரிகையாளர்கள் சுட்டிக்காட்டியபோது மறுபடியும் அதே கூச்சல். யாருடைய சர்வரிலோ வைத்திருக்கும் கடிதத்தைத் தன் கம்ப்யூட்டரில் படிக்க நினைத்தவர், மூன்றாவதாக ஒருவருக்குச் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜேமேப் இந்த இடத்தில் செய்திருக்கும் ஏற்பாடு கெட்டிக்காரத்தனமானது. மெயில் சர்வரே தகவல் அனுப்புகிறது. போன் கம்பெனியின் செய்திக் குழாய் வழியாகத்தான் அது போயாக வேண்டும். ஆப் தயாரிப்பாளரின் சர்வர் ஒன்று இடையில் நிற்கவும்கூடும். ஆனால் அந்த வழியே போவது “இந்தக் கணக்கில் ஏதோ மாறியிருக்கிறது” என்ற ஒற்றை வரி. அதையும் பூட்டி அனுப்பலாம். யார் எழுதினார், என்ன எழுதினார் எதுவும் அதில் இல்லை. பாஸ்வேர்ட் போனை விட்டு நகர வேண்டியதே இல்லை. மெயில் சாஃப்ட்வேர்கள் ஜேமேப்புக்கு மாற வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஒன்றே போதுமானது. ஆச்சரியம் என்னவென்றால், வாதங்களில் இதைவிட அதிகம் அடிபடுவது வேகக் கணக்குதான்.

ஆஸ்திரேலியாவிலிருந்து

ஜேமேப் பெரிய கம்பெனிகளின் குழந்தையல்ல. மெல்போர்னில் 1999-ல் தொடங்கிய ‘ஃபாஸ்ட்மெயில்’ என்ற சின்ன நிறுவனத்தின் உழைப்பு. பணம் வாங்கிக்கொண்டு மெயில் சேவை கொடுப்பதே அதன் தொழில். 2010-ல் நார்வேயின் ஓப்பரா நிறுவனம் அதை வாங்கியது. 2013-ல் ஊழியர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தங்கள் இணையப் பக்கம் சர்வரோடு வேகமாகப் பேசுவதற்கென்று செய்துவைத்த முறையை, எல்லோரும் பயன்படுத்தும்படி பொதுவாக்கலாமே என்று 2014-ல் வெளியே வைத்தார்கள். நீல் ஜென்கின்ஸ், ப்ரான் கோண்ட்வானா இருவரும் இதில் முன்னால் நின்றவர்கள். 2017-ல் ஐஇடிஎஃப் குழு அமைத்தது. 2019-ல் ஆர்எஃப்சி 8620, 8621 என்ற எண்களில் விதிகள் வந்தன. ஃபாஸ்ட்மெயிலின் நோக்கம் முழுக்கத் தர்மமல்ல என்று சொல்பவர்கள் உண்டு. தன் சரக்குக்குத் தோதான சட்டத்தை அது எழுதிக்கொண்டதாம். ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டு ‘எனக்கு மட்டும்’ என்று யாரும் சொல்ல முடியாது. விதிகள் இலவசம், யார் வேண்டுமானாலும் சர்வர் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். சைரஸ், அப்பாச்சி ஜேம்ஸ், ஸ்டால்வர்ட் என்று ஜேமேப் பேசும் இலவச சர்வர்கள் மூன்றாவது உண்டு.

எதிர்த்தரப்பின் வாதம் இங்கிருந்துதான் புறப்படுகிறது: மூன்று இருக்கலாம், முக்கியமானது இல்லையே? ஐமேப் சர்வர்களில் உலகெங்கும் பரவியிருப்பது ‘டோவ்காட்’. 2025 ஜனவரியில் வந்த அதன் 2.4 பதிப்பில்கூட ஜேமேப் கிடையாது. கூகுள் 2014-லேயே ஜிமெயிலுக்குத் தன் சொந்த வழியை அமைத்துவிட்டது. மைக்ரோசாஃப்டுக்கும் சொந்த வழிகள் உண்டு, ஒன்றல்ல, பல. ஆக, மெயில் சாஃப்ட்வேர் எழுதுபவர் பல மாதம் உழைத்து ஜேமேப்பைச் சேர்த்தால் பயன்பெறுவோர் ஒரு கைப்பிடி. ஐமேப்பைக் கைவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்து ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும். சர்வர் எழுதுபவரோ “பேசுவதற்கு சாஃப்ட்வேர் எங்கே?” என்கிறார். கோழி முதலா, முட்டை முதலா?

இரண்டாவது வாதம், பழைய வீட்டையே பழுது பார்க்கலாம் என்பது. 2021-ல் ஐமேப்புக்கு வந்த திருத்தம் பல பிற்சேர்க்கைகளை மூல விதிக்குள் கொண்டுவந்தது. நகர்த்தும் கட்டளையும் ‘ஐடிலும்’ இப்போது கட்டாயம். நல்ல சர்வரும் நல்ல சாஃப்ட்வேரும் சேர்ந்தால் ஐமேப் மெதுவானதல்ல. இதில் பொய் இல்லை. ஆனால் பழுது பார்க்கும் முயற்சி முன்பே நடந்து, தோற்றும் விட்டது. 2000-களில் செல்போன்களுக்கென்றே ஐமேப்பைச் சீர்படுத்த ஐஇடிஎஃபில் ‘லெமனேட்’ என்ற குழு உட்கார்ந்தது. 2006-லும் 2009-லும் விதித் தொகுப்புகளை வெளியிட்டது. இணைப்பைப் போனுக்கு இறக்காமலே இன்னொருவருக்கு அனுப்பும் வசதிகூட அதில் இருந்தது. காகிதத்தில் அருமை. நிறைவேற்றியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஐமேப்பின் நோய் விதிகளின் குறைபாடு மட்டுமல்ல. ஒட்டுகள் ஏராளம், எந்த சர்வரில் எந்த ஒட்டு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஜிமெயிலின் ஐமேப்பில் ஒரே கடிதம் இரண்டு மூன்று ஃபோல்டர்களில் தலைகாட்டுகிறது. அதன் ‘லேபிள்’ முறையை ஐமேப்பின் ஃபோல்டர் முறைக்குள் திணித்ததால் வந்த வினை. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் ஒவ்வொரு சர்வரின் குணத்தையும் மாமியார் வீட்டுக் குணம் போல் தெரிந்துவைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ஜேமேப்பில் ஒரு கடிதம் பல ஃபோல்டர்களில் இருப்பது விதியிலேயே அனுமதிக்கப்பட்ட ஒன்று.

தண்டர்பேர்டின் வரிசை

தயக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தண்டர்பேர்டே சரியான உதாரணம். மோஸில்லாவின் குடும்பத்தில் 2004-ல் முதல் பதிப்பு கண்ட சாஃப்ட்வேர். அதன் அஸ்திவாரத்தில் நெட்ஸ்கேப் காலத்துச் செங்கல்கள் இன்னும் உண்டு. 2012-ல் மோஸில்லா அதைக் கிட்டத்தட்டக் கைகழுவியது. தன்னார்வலர்கள் உயிர்கொடுத்துக் காப்பாற்றினார்கள். 2020-ல் தனி நிறுவனமானது. பயனாளிகள் கொடுக்கும் நன்கொடையில்தான் ஜீவனம். 2022-ல் வந்தது சுமார் 64 லட்சம் டாலர். ஜேமேப் வேண்டும் என்ற கோரிக்கை விதிகள் முடிவாவதற்கு முன்பிருந்தே அதன் வாசலில் கிடக்கிறது. ஆனால் உள்ளே வேலை செய்பவர்களுக்கு அது ஒரு கதவைச் சேர்க்கும் வேலையல்ல. ஒரு கடிதம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும், ஒரு ஃபோல்டர் ஒரு ஃபைல் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய வீடு அது. ஜேமேப்புக்கு இடம் கொடுக்க வேண்டுமானால் சுவரை இடித்தாக வேண்டும்.

சுவரை இடிக்கத் தொடங்கியபோது முதலில் இடம் கிடைத்தது வேறொருவருக்கு. 2025 நவம்பரில் வந்த 145-ம் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் கணக்குகளை நேரடியாகப் படிக்கும் வசதி சேர்ந்தது. அலுவலகங்களில் எக்ஸ்சேஞ்ச்தான் ராஜா என்பதால் இந்த முடிவைக் குறை சொல்வது கடினம். ஐமேப் வழியை அடைத்துவிட்ட நிர்வாகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதற்குப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்டின் ‘ஈடபிள்யூஎஸ்’ வழியை, தன் ஆன்லைன் சேவையில் 2026 அக்டோபரில் மூடப்போவதாக அந்த நிறுவனம் 2023-லேயே அறிவித்திருந்தது. அடுத்த வழிக்காக மறுபடி உழைப்பு. தனியார் ஒருவரின் மொழியைக் கற்றுக்கொள்பவருக்கு அவர் இலக்கணத்தை மாற்றும்போதெல்லாம் பள்ளிக்கூடம் போகும் விதி உண்டு. கூகுளும் இதில் சளைத்ததல்ல. 2013 ஜனவரிக்குப் பிறகு இலவச ஜிமெயில் கணக்கைப் புதிய கருவிகளில் ‘ஆக்டிவ்சிங்க்’ முறையில் இணைப்பதை அது நிறுத்தியது. ஐபோனின் சொந்த மெயில் ஆப்பில் ஜிமெயில் உடனுக்குடன் வராமல் 15 நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் நிலை அதன் பலன்.

பொது மொழி முக்கியம் என்பது இதனால்தான். கிறிஸ்பினின் ஐமேப்பை முப்பது ஆண்டுக்கு மேலாக யாராலும் ஒரே கையெழுத்தில் மூட முடியவில்லை. மூடாவிட்டாலும் ஓரங்கட்ட முடியும். பாஸ்வேர்ட் மட்டும் கொடுத்து உள்ளே வரும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் 2022-ல் நிறுத்தத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது நல்லது என்பதில் சந்தேகமில்லை. கூடவே, வெளி சாஃப்ட்வேர் எதுவானாலும் இந்த நிறுவனங்களிடம் பதிவு செய்து அடையாளம் வாங்கித்தான் உள்ளே வர முடியும் என்ற நிலையும் உறுதிப்பட்டது. பொது நெறிமுறை பழசாக, மெதுவாக, அலுப்பூட்டுவதாகத் தெரியத் தெரிய, ‘எங்கள் ஆப்பையே பயன்படுத்துங்களேன்’ என்ற அழைப்புக்கு மவுசு கூடும். பெரிய கம்பெனிகள் ஜேமேப்பில் ஆர்வம் காட்டாததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் இந்திய அரசுக்கும் பங்கு உண்டு. மத்திய அரசின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் தேசியத் தகவலியல் மையத்தின் பழைய ஏற்பாட்டிலிருந்து சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருப்பதாக 2025 அக்டோபரில் செய்தி வெளியானது. உள்நாட்டு நிறுவனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். எந்த நிறுவனமாக இருந்தாலும், நாளை அதிலிருந்து வெளியேற நேர்ந்தால் கடிதங்களோடு சுலபமாக வெளியேற முடியுமா, அதிகாரி தனக்குப் பிடித்த சாஃப்ட்வேரில் படிக்க முடியுமா என்று கேட்டவர்கள் குறைவு. டெண்டரில் ‘திறந்த நெறிமுறைகள்’ என்ற வார்த்தையைப் போடும் அதிகாரிகள், அவற்றின் கீழே 2019-ன் விதி எண்கள் இரண்டையும் சேர்த்து எழுதினால், கோழி முட்டை வழக்கில் ஒரு தரப்பு அசைந்துதான் ஆக வேண்டும். 12 லட்சம் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளரின் சொல்லைக் கேட்காத கடைக்காரர் இல்லை.

அதுவரை மெயில் சாஃப்ட்வேர் எழுதும் சிறியவர்கள் என்ன செய்வது? ஐமேப்பைத் தூக்கிப் போடச் சொல்பவர்களை நம்பினால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் புதிதாக எழுதத் தொடங்குபவர்கள் உள்ளே உள்ள கட்டமைப்பை ஜேமேப்பின் அச்சில் வார்த்துவிட்டு, ஐமேப்பை அதற்குள் மொழிபெயர்த்துக்கொள்வது நடைமுறை சாத்தியம். தலைகீழாகச் செய்வதுதான் தண்டர்பேர்டைப் போலச் சுவர் இடிக்கும் வேலையில் கொண்டுபோய் விடுகிறது. மின்னஞ்சலோடு நிற்காமல் முகவரிப் புத்தகத்துக்கான ஜேமேப் விதிகளும் 2024 டிசம்பரில் வந்துவிட்டன. கடிதத்துக்கு ஒரு நெறிமுறை, முகவரிக்கு இன்னொன்று, அனுப்புவதற்கு மூன்றாவது என்று மூன்று முறை எழுதும் உழைப்பு மிச்சமாகும் என்பது எழுதுபவர்களுக்கும் ஒரு தூண்டில்.

தண்டர்பேர்ட் குழுவே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பதாகத் தெரிகிறது. 2025-ல் ‘தண்டர்மெயில்’ என்ற சொந்த மெயில் சேவையை அது அறிவித்தது. அதன் அடித்தளமாக அது தேர்ந்தெடுத்த சர்வர் ஸ்டால்வர்ட் – ஜேமேப் பேசும் சர்வர். அறிவிப்பு வந்த நாளில் தண்டர்பேர்டின் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் தன் சொந்த சர்வரோடு பேச வேண்டுமானால் ஐமேப்பில்தான் பேச வேண்டியிருந்தது.